வேலியோரம் நின்றவளுக்கு ஓர் அழைப்பு

உயிர்த்தஞாயிறு விடுமுறை முடிந்த முதல் வியாழன், ஒஸ்லோவின் ரொம்சோசில் என் மகள் மிதுனா படிக்கும் உயர்பள்ளியில் பெற்றோர் கூட்டம். பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு யார் என்ன உதவி செய்வது என்று பட்டியல் போட்டார்கள். நோர்வேயில் இதற்கு டுக்னாட் என்று பெயர். சம்பளம் இல்லாத பொதுவேலைதான், ஆனால் தப்பமுடியாது. வாஃபல் சுட ஆறு பேர் உடனே கையை உயர்த்திவிட்டார்கள். மிஞ்சியது படப்பிடிப்பும் விளம்பரமும். நான் கையை உயர்த்தினேன். பக்கத்தில் இருந்த மிதுனா முழங்கையால் இடித்தாள்.

"அம்மா, இது சாமத்தியவீடு இல்லை."

"தெரியும். நீ பேசாமல் இரு."

பதினாலு வருடமாக நானும் கணவரும் ஒஸ்லோத் தமிழருடைய கலியாணங்களுக்கும், பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீடுகளுக்கும் வீடியோ எடுக்கிறோம். கிழமை நாட்களில் காலையில் எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறை, சனி ஞாயிறு கமரா. ஒரு பந்தை எடுக்கமுடியாதா என்ன?

காரியம் அவசரமானது. அணியில் எட்டுப் பேர்தான். உயர்பள்ளிகளின் போட்டிக்குப் பதிய பதினொரு பெயர் வேண்டும். கடைசித் தவணை இருபத்துநாலாந் திகதி வெள்ளி, பின்னேரம் நாலு மணி. போன வருடமும் ஆள் போதாமல் விட்டுப்போனது. மிதுனாவுக்கு இது கடைசி வருடம். "இந்த முறையும் இல்லையெண்டால் எனக்கு இனி இல்லை" என்று ஒரே ஒருதரம் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவள் கதைக்கவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பயிற்றுநர் ஹன்னா சுருக்கமாகச் சொன்னார்: "ஒரு நிமிடப் படம். பிள்ளைகள் ஓடவேண்டும், கோல் அடிக்கவேண்டும். அதைப் பார்த்து மூன்று பேர் வரவேண்டும்."

செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பள்ளியோடு எட்டுக்கெட்டுப் பேராகப் பயிற்சி ஆட்டம். ஓரத்தில் இன்னும் கரையாத பனிமேடு. அதன்மேல் ஏறி நின்று முழு ஆட்டத்தையும் எடுத்தேன். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மிதுனா ஒரு கோல் அடித்தாள். அன்றைய ஒரே கோல். நான் துள்ளிய துள்ளலில் பனிக்குள் ஒரு சப்பாத்தே போய்விட்டது.

பின்னேரம் கணினியில் போட்டுப் பார்த்தோம்.

"அம்மா, கோல் எங்கை?"

முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினேன். கோல் இல்லை. அந்த நேரம் என் கமரா பார்வையாளரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கலியாணவீட்டில் மேடை கணவருடையது, சபை என்னுடையது. தாலி கட்டும்போது நான் சபையில் ஒவ்வொரு முகமாக எடுக்கவேண்டும். ஒரு முகம் விடுபட்டாலும் அடுத்தநாள் தொலைபேசி வரும். கை தன்பாட்டில் அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"இருவது மீற்றரிலை இருந்து அடிச்சனான்! ஆர் இந்தச் சிவப்புத் தொப்பிக்காரன்? ஏன் இவரைக் கிட்டப் போய் எடுத்தனீங்கள்?"

"அவர் வடிவாச் சிரிச்சவர்."

மிதுனா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "இதை வைச்சு ஆரைப் பிடிக்கிறது?"

நான் படத்தைப் பின்னுக்கு ஓட்டினேன். திரையில் வேறொன்றைக் கண்டுவிட்டேன். கம்பிவேலிக்கு வெளியே பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க, சாம்பல் ஜக்கெற் போட்ட நெட்டைப் பிள்ளை ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கிறாள். ஒரு கணம் கழித்து எல்லாத் தலைகளும் அவள் பார்த்த பக்கம் திரும்புகின்றன. அவளுடைய வலது கால் காற்றை உதைக்கிறது. அதற்குப் பிறகுதான் கூச்சல்.

"பந்து எங்கை வருமெண்டு இவளுக்கு முதலே தெரிஞ்சிருக்கு," என்றேன்.

மிதுனா திரைக்குக் கிட்ட வந்தாள். "இது இலக்கியா. சென்னையிலை இருந்து போன ஆவணி வந்தவள். எல்லாப் பயிற்சிக்கும் வந்து நிக்கிறவள். நான் சும்மா பார்க்கிறாளாக்கும் எண்டு..."

முகத்தைப் படத்தில் போட அவரவர் சம்மதம் வேண்டும். அடுத்தநாள் மத்தியானம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இலக்கியாவைத் தேடிப்போய்க் காட்டினேன்.

"ஐயோ ஆன்ட்டி, வாயப் பொளந்துட்டு நிக்கிறேனே!"

"நீங்கள் விளையாடுறனீங்களோ?"

"தெருவுக்குத் தெரு ஃபுட்பால் ஆடுற வியாசர்பாடில பொறந்தவகிட்ட இதக் கேக்கலாமா? ஆறு வயசுலேர்ந்து ஆடுறேன்."

"பிறகேன் வேலிக்கு வெளியிலை?"

"கூப்பிடுவாங்கன்னுதான் நிக்கிறேன். ஊர்ல பி.டி. மாஸ்டர் பாத்து செலக்ட் பண்ணுவார். இந்த மேடம் என்னைப் பாக்குறாங்க, சிரிக்கிறாங்க, போயிடுறாங்க. சரி, நாம செலக்ட் ஆகல போலன்னு விட்டுட்டேன்."

ஹன்னாவிடம் ஓடினேன். அவர் கண்ணை விரித்தார். "விருப்பமென்றால் வருவாள் என்று நினைத்தேன். வற்புறுத்தக்கூடாதல்லவா? எல்லாரும் வரலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறதே."

எல்லாரும் வரலாமாம்! பக்கத்துவீட்டுக் கலியாணத்துக்கே நேரில் வந்து சொல்லாவிட்டால் நாங்கள் போகமாட்டோம். சொல்லவில்லை என்ற கோபம் பத்து வருடம் நிற்கும். அப்படிப்பட்ட எங்கள் பிள்ளைகளை ஒரு கடதாசி கூப்பிடுமா?

படத்தை அன்றே மாற்றினேன். வேலியோரம் நின்றவர்களிடம் முகமும் பெயரும் வருமென்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன். எட்டு வீராங்கனைகளும் மைதான நடுவில் ஒவ்வொருவராக நின்று, கமராவைப் பார்த்து, ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஆமினா, நீ பஸ்சுக்கு ஓடுற ஓட்டத்தைக் கண்டனாங்கள், வா!" "சோஃபி, கைப்பந்தை விட்டிட்டுச் சும்மாதானே திரியிறாய், எங்களுக்குக் கோல் காக்க ஆள் இல்லை!" கடைசியில் மிதுனா: "இலக்கியா, இனி வெளியிலை நிக்காதை. உள்ளை வா." பிறகு வேலியோரத்து முகங்கள் எல்லாம் ஒன்றாகத் துள்ளுகிற அந்தக் காட்சி. ஐம்பத்தைந்து செக்கன்.

வியாழன் மத்தியானம் சிற்றுண்டிச்சாலைத் திரையில் ஓடியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மேசை எழும்பிக் கத்தியது. ஆமினா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னேரத்துக்குள் அவளும் சோஃபியும் பெயர் கொடுத்தார்கள். பத்து! இலக்கியா மட்டும் மத்தியானம் எழும்பிப் போனவள் திரும்பி வரவில்லை. மற்ற ஐந்து பேரும் யோசித்துச் சொல்கிறோம் என்று நழுவினார்கள்.

வெள்ளி மூன்றரை. ஹன்னா மடிக்கணினியோடு மைதான வாங்குப்பலகையில் இருந்தார். இலக்கியா அன்று வகுப்புக்கும் வரவில்லை. மிதுனா தொலைபேசியை அழுத்தி அழுத்திக் களைத்துப்போனாள்.

"எல்லாருக்கும் முன்னாலை பேர் சொன்னது பிழையோ அம்மா?"

நான் அவளிடமிருந்து தொலைபேசியை வாங்கி நானே அழுத்தினேன்.

மூன்று ஐம்பதுக்குச் சுரங்கரயில் நிலையப் பக்கமிருந்து சாம்பல் ஜக்கெற் ஒன்று ஓடிவந்தது. கையில் கடைப்பை.

"சாரி, சாரி! நேத்து மத்தியானமே ஜுரம் வந்துடுச்சு, காலைல அம்மா விடல. நைஸா கெளம்பி குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போய் பூட்ஸ் வாங்கிட்டு வர்றேன், போன் செத்துப்போச்சு. கூப்பிட்டப்புறம் வெறுங்கால்லயா வர்றது?"

"பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்," என்றார் ஹன்னா. தட்டினார். அனுப்பினார். பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்ததும் பதினொரு பேரும் ஒரே குவியலாக விழுந்தார்கள். நானும் அந்தக் குவியலுக்குள் இருந்தேன்.

ஹன்னா பந்தை உருட்டிவிட்டார். இலக்கியா அதை எடுத்து, மறித்த மிதுனாவின் இரண்டு காலுக்கிடையால் விட்டு, மறுபக்கத்தில் தானே பிடித்துக்கொண்டு போனாள்.

"அம்மா, பாத்தனீங்களே! என்ரை இடம் போச்சு!" என்று கத்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, மிதுனா அவளுக்குப் பின்னால் ஓடினாள்.