இரண்டு கிராம் நூல்

பதுளையில் ஒரு ஹோட்டலின் மேல்மாடி மண்டபத்தில் நாற்பது பேர் ஒரு நைலான் நூலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நரம்பியல் ஆய்வாளர் சங்கத்தின் இரண்டு நாள் கூட்டம் அது. முதல் நாள் பயிற்சி, மறுநாள் ஆய்வுரைகள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேடையேற வேண்டியவள் நிலக்ஷனா. இருபத்தேழு வயது, ஆராய்ச்சி உதவியாளர். ஒரு கூட்டத்தில் அவள் பேசப்போவது அதுவே முதல் தடவை.

நூல், ஒரு பிளாஸ்டிக் கைப்பிடியின் நுனியில், தேய்ந்த பிரஷ்ஷில் மிஞ்சிய ஒற்றைத் தும்பு போல நீட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொடு உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கருவி அது. பயிற்சி கொடுத்தவர் இத்ரூஸ், பண்டாரவளைக்காரர்.

"கொழும்புப் பேராசிரியர் அழுத்தினாலும் ரெண்டு கிராம்தான். எங்க வீட்டுச் சின்னவன் அழுத்தினாலும் ரெண்டு கிராம்தான்," என்றார். "இந்த நூலுக்கு ஆள் பாக்கத் தெரியாது."

அவர் சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் உண்மை. விரலால் ஒருவரைத் தொட்டால் எவ்வளவு அழுத்தினோம் என்று தொட்டவருக்கே தெரியாது. காலையில் ஒரு மாதிரியும், களைத்த பிறகு இன்னொரு மாதிரியும் தொடுவோம். நூலைத் தோலின்மேல் நேராக நிறுத்தி அழுத்தினால், அது ஒரு கட்டம்வரை நிமிர்ந்து நிற்கும், பிறகு வில்லாக வளைந்துவிடும். வளைந்த பிறகு கை எவ்வளவு கீழே இறங்கினாலும் நுனியில் விழும் பாரம் அதற்குமேல் ஏறாது. அந்தப் பாரம் எவ்வளவு என்பது நூலின் பருமன், நீளம், விறைப்பு ஆகிய மூன்றையும் பொறுத்தது.

"பருமனும் நீளமும் மாறாது. விறைப்பு மாறும்," என்றார் இத்ரூஸ். "நைலான் ஈரத்த உறிஞ்சும். உறிஞ்சினா தளந்துபோகும். ஆயிரம் தடவ வளச்சாலும் தளந்துபோகும். அதனால நிறுத்துப் பாக்கணும். சொந்த நூல் கொண்டுவந்தவங்க வாங்க."

நகைக்கடையில் இருக்கும் சின்ன இலத்திரனியல் தராசு ஒன்றை மேசையில் வைத்திருந்தார். நிலக்ஷனா தன் நூலைத் தட்டின்மேல் நிறுத்தி, வளையும்வரை அழுத்தினாள். ஒன்று தசம் இரண்டு. மறுபடி அழுத்தினாள். ஒன்று தசம் இரண்டு. ஐந்து தடவை அழுத்திய பிறகும் இரண்டு கிராம் வரவில்லை.

"எவ்வளவு நாளா பாவிக்கிறீங்க மிஸ்?"

"பதினாலு மாசம்."

"ஒரே நூலா?"

"ஒரே நூல்தான்."

"அது பென்சன் எடுத்து ரொம்ப நாளாச்சு," என்று சொல்லிவிட்டு இத்ரூஸ் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நிலக்ஷனா நூலைப் பெட்டியில் வைத்து மூடினாள். இப்போது ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரோ தேநீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தாள். அது சூடாக இருந்ததா என்று பிறகு கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

நமுனுகுலவில், அவள் பிறந்த தோட்டத்திலேயே, நூற்று எண்பத்து நான்கு பெண்களின் கைகளை அவள் சோதித்திருந்தாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் ஓரத்தில் ஒரு வாங்குப் பலகையைப் போட்டு, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு கையிலும் ஐந்து இடங்களில் நூலை வைத்தாள். பட்டால் சொல்ல வேண்டும். மழை மாதங்களில் மடுவத்துக்குள்ளேயே பனிமூட்டம் புகுந்துவிடும். நூல் அவளுடைய பையில், நனைந்த மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

நாற்பத்தொரு பெண்களுக்கு நான்கு இடங்களிலோ அதற்கு மேலோ படவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்து, ஆய்வுக்குத் தலைமை தாங்கிய வைத்தியர் ஞானசீலன், நரம்பு பழுதான இந்தக் கைகளுக்கு மலைவேலை ஆகாது என்று தோட்டத்துரைக்குக் கடிதம் எழுதினார். துரை அந்த நாற்பத்தொரு பேரையும் மலையிலிருந்து எடுத்து நாற்றுமேடையில் போட்டார். அங்கே உட்கார்ந்தபடி பைகளில் மண் நிரப்புவதுதான் வேலை. கூடை இல்லை, சரிவு இல்லை.

இரண்டு கிராமால் தொட்டேன் என்று எழுதியவள், ஒன்றேகால் கிராம்கூட இல்லாமல் தொட்டிருக்கிறாள். அவ்வளவு மெல்லத் தொட்டால் நல்ல விரலுக்கும் படாமல் போகலாம். கொழுந்து ஒடித்து ஒடித்துத் தோல் தடித்த விரலுக்குக் கேட்கவே வேண்டாம். ஆரம்பத்தில் சோதித்தவர்களின் கணக்குச் சரியாகத்தான் இருக்கும், அப்போது நூல் புதிது. எந்த நாளிலிருந்து பிழை என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்முறை. பயிற்சிக்கு வந்தவர்கள் கைகளைச் சோதித்துப் பழகுவதற்காகத் தோட்டத்திலிருந்து நான்கு பெண்கள் வேனில் வந்திருந்தார்கள். நால்வருமே நாற்றுமேடைக்காரர்கள். முதலில் நிலக்ஷனா எல்லோருக்கும் செய்துகாட்ட வேண்டும். அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள் கருப்பம்மா. நாற்பத்தெட்டு வயது. நிலக்ஷனாவின் வீட்டுக்கு இரண்டு லய வரிசை தள்ளிக் குடியிருப்பவள்.

மேசையில் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று அவளுடையது, மற்றது இத்ரூஸ் காலையில் நிறுத்து வைத்த புதியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பழையதை எடுத்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நிலக்ஷனா புதியதை எடுத்தாள்.

"கண்ண மூடுங்கக்கா."

"மூடுனா தூங்கிருவேன் புள்ள. சோறு வேற பலமா போட்டுட்டாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிலக்ஷனா பெருவிரல் நுனியில் நூலை வைத்தாள்.

"ஆமாங்க, படுது."

சுட்டுவிரல். "படுது." நடுவிரல். "படுது." இடையில் ஒரு தடவை நூலை வைக்காமலே சும்மா இருந்தாள். ஊகித்துச் சொல்பவர்களைக் கண்டுபிடிக்க அது ஒரு வழி. கருப்பம்மா வாயைத் திறக்கவில்லை. பிறகு மற்றக் கை. பத்து இடத்திலும் பட்டது. நிலக்ஷனா போர்டில் பத்து என்று எழுதினாள். மடுவத்தில் அதே கைகளுக்கு அவள் எழுதியது ஐந்து.

கருப்பம்மா கண்ணைத் திறந்தாள். "பத்துக்குப் பத்தா?"

"ஆமாக்கா."

"பள்ளிக்கூடத்துலகூட நான் எடுத்ததில்லையே!"

எல்லோரும் கைதட்டினார்கள். நிலக்ஷனாவும் தட்டினாள்.

பின்வரிசையில் நின்ற ஞானசீலன் தட்டவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு நடைபாதைக்குப் போனார்.

"அந்தம்மாவுக்கு முந்தி அஞ்சுதானே எழுதினோம்?"

"ஆமா சார். என்னோட நூல் ஒன்று தசம் ரெண்டுதான் நிக்குது. காலையில நிறுத்தேன்."

அவர் சுவரில் சாய்ந்தார். "பெட்டியில ஒரு தாள் இருந்திச்சே. கிழமைக்கு ஒருக்கா நிறுக்கச் சொல்லி."

"இருந்திச்சு சார். படிச்சேன். மருந்துப் போத்தல்ல எழுதுற மாதிரி சும்மா எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன்."

"பதினாலு மாசத்துல நானும் ஒரு நாள் கேக்கலையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "நாளைக்கு உன் பேர எடுத்துரவா?"

"வேணாம் சார். பேசுறேன். நூலப் பத்திப் பேசுறேன்."

"அந்த நாப்பத்தொரு பேர்?"

"எல்லாரையும் திரும்பப் பாக்கணும். காஞ்ச அறையில, புது நூல் வச்சு. அதுவரைக்கும் நாற்றுமேடையிலேயே வச்சிருக்கச் சொல்லி நீங்கதான் எழுதணும்."

"எழுதலாம். ஆனா அந்தம்மா மாதிரி பாத்து, கை சரியா இருக்கிறவங்களப் பத்தியும் எழுதத்தான் வேணும்," என்றார் ஞானசீலன். மண்டபக் கதவு திறந்திருந்தது. உள்ளே போர்டில் பத்து தெரிந்தது.

நாலரை மணிக்கு வேன் வாசலுக்கு வந்தது. மற்ற மூன்று பெண்களும் ஏறிவிட்டார்கள். கருப்பம்மா ஒரு பிஸ்கட் பொதியைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நிலக்ஷனா அவளிடம் போய், நூல் எப்படித் தளர்ந்தது, தளர்ந்தால் ஏன் கைக்குப் படாமல் போகும் என்றெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். பொறுமையாகத்தான் சொன்னாள். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. வேறு யாரோ எழுதிக்கொடுத்ததை வாசிப்பதுபோல அது வந்தது.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?"

"தொட்டா தெரியுது. அவ்வளவுதான் இந்த நூலுக்குத் தெரியும்."

"ராத்திரியில நெருப்பு வச்ச மாதிரி எரியுதே, அது?"

"அத இது பாக்காதுக்கா. அதுக்குக் கரண்ட் வச்சுப் பாக்கிற மெசின் இருக்கு. பெரியாஸ்பத்திரியில பேர் குடுக்கணும். கூட்டம் ஜாஸ்தி, மாசக்கணக்காகும்."

கருப்பம்மா கைப்பையின் வாரைத் தோளில் போட்டாள். "மத்தவளுகளுக்கு?"

"அவங்கள நான் இனித்தான் பாக்கணும். இன்னைக்கு இங்க பழகிப் பாத்தது கணக்கில்ல. சில பேருக்கு மாறாது. சில பேர் மலைக்குப் போக வேண்டி வரும்."

"எனக்குப் பாத்தாச்சு."

"ஆமாக்கா. உங்களுக்குப் பாத்தாச்சு."

"சோறு போடுறாங்கன்னு வந்தேன்," என்றாள் கருப்பம்மா. சிரிக்கிறாளா என்று நிலக்ஷனா பார்த்தாள். இல்லை. "நல்ல சோறுதான்."

உள்ளேயிருந்து ஒருத்தி ஜன்னலால் தலையை நீட்டினாள். "என்னடி அங்க ரகசியம்? மலேசியாவுல மாப்பிள்ள பாக்குறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றாள் கருப்பம்மா, ஜன்னலைப் பார்க்காமல் நிலக்ஷனாவிடமே. "நான் போய்ச் சொன்னா நானே கெடுத்தேம்பாளுக. நீதான் பாத்த, நீதான் எழுதுன. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல எல்லாருமே இருப்பாளுக. நீ வந்து சொல்லு."

"வாறேன்."

"நாளைக்கா?"

"நாளைக்கே."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "மிஸ், உங்களுக்கு ரூம் இங்கதானே? காலையில பேசணும்னாங்க."

"பெரட்டு முடிஞ்சதும் பஸ் புடிச்சு வந்துருவேன்."

நிலக்ஷனா ஏறினாள். கருப்பம்மா நகர்ந்து இடம் விட்டாள். ஒரே ஆசனத்தில் தோளோடு தோள் உரச இருந்தார்கள். வேன் பசறை வீதிக்குத் திரும்பியதும், பின்னால் இருந்த மூன்று பேரும் கேட்கும்படி நிலக்ஷனா சொல்லத் தொடங்கினாள்.