விட்டுப்போன பக்கங்கள்

நனைந்த படுக்கை விரிப்பு பிணம் மாதிரி கனக்கும். துணிதானே என்று சொல்கிறவன் எவனாவது இருந்தால், விடியற்காலை ஐந்து மணிக்குச் சலவைக்கூடத்துக்கு வந்து டிரம்மிலிருந்து நாற்பது விரிப்பை இழுத்து வெளியே போட்டுப் பார்க்கட்டும். ஆறாவதிலேயே இடுப்பு பேசும். இருபதாவதில் கை பேசாது.

பூட்டண்ணன் இருபத்தாறு வருடமாக இழுத்துப் போடுகிறார். ஆஸ்பத்திரி விரிப்பு, லாட்ஜ் விரிப்பு, சாப்பாட்டு மேஜை விரிப்பு. ரத்தம் பட்டது, குழம்பு கொட்டினது, எதுவென்று கேட்கவே கூடாதது. சலவைக் காரத்தில் ஊறி ஊறி விரல் நுனியில் ரேகையே அழிந்துவிட்டது. பெருவிரல் ரேகை வைத்தால் காகிதத்தில் ஒரு மைத் திட்டுதான் விழும். அதற்காகத்தான் கையெழுத்து வரையப் பழகினார். வரைந்தார் என்பதுதான் சரி. நத்தை ஊர்ந்த தடம் போல ஒரு சுழி, அதற்குமேல் இரண்டு கோடு. எழுத்து என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பூட்டு என்ற பெயர் அவர் சாப்பாட்டுப் பையால் வந்தது. பையின் ஜிப்பில் ஒரு குட்டிப் பித்தளைப் பூட்டு தொங்கும். சாவி இடுப்பில்.

"பழைய சோத்தை யாருண்ணே திருடப் போறாங்க?" என்று மடிப்பு மேஜைப் பெண் கேட்பாள்.

"திருடற வரைக்கும் யாருன்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டு மாதமாகப் பை நடக்கும்போது கிலுகிலு என்று சத்தம் வேறு. "தங்கக்காசு சேர்க்கிறார்யா" என்று சிரித்தார்கள். அவர் மறுக்கவில்லை.

அன்று புதன்கிழமை. நீராவி முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் அந்தப் பெரிய உருளை இஸ்திரி, எல்லோரும் ரோலர் என்று சொல்வது, வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஈர விரிப்பின் நுனியை இரண்டு பேர் பிடித்து அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, சுடச்சுட, பளபளவென்று வரும். வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை தவறிப்போய் அதில் இடித்தால் ரோலர் நின்றுவிடும். இருந்தது. இப்போது இல்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்த வாய் சின்னக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டது. சின்னக்கா என்றால் வேன் ஓட்டுகிறவனின் மனைவி. கூடத்தில் எல்லோருக்கும் அக்கா. அவள் போட்ட சத்தம் இன்னும் அந்தத் தகரக் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பூட்டண்ணனுக்குத் தோன்றும். மூன்று விரல் இனி மடங்காதாம். அவள் நின்ற இடத்தில் மறுநாளே வேறொருத்தியை நிறுத்தினார்கள். ரோலர் ஒரு வேளைகூட ஓயவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு விட்டார்கள். ஏழு பேர் பேசாமல் நடந்து, மூலைத் தெருவில் இருக்கும் பொது நூலகத்துக்குள் நுழைந்தார்கள். புதன்கிழமை ஆறு முதல் ஏழு வரை அங்கே வாசிப்பு வட்டம். கதவில் அட்டை தொங்கும். அனைவரும் வரலாம், கட்டணம் இல்லை.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை மடிப்புக்காரி படித்துச் சொன்ன அன்றே பூட்டண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா கொடுக்கிறவன் எதையோ எடுத்துக்கொள்ளத்தான் கொடுக்கிறான். அவர் போனது மின்விசிறிக்காக. கொக்கி எப்போது வெளியே வரும் என்று ஒரு வருடம் காத்திருந்தார். வரவில்லை. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் நூலகத்து அம்மா கேட்டதெல்லாம் வருகைப் பதிவில் ஒரு கையெழுத்து. நத்தையை வரைந்து கொடுத்தார். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் காலியாக இருப்பது குழந்தைகள் பகுதி மட்டும். முழங்கால் உயர நாற்காலிகள், சிவப்பும் மஞ்சளுமாக. அதில் சலவைக்காரர்கள் கால் முட்டி தாடையைத் தொடும்படி உட்கார்ந்திருப்பார்கள். புத்தகம் கைமாறிக் கைமாறிப் போகும். ஆளுக்கு இரண்டு பக்கம். எல்லோரும் விடியலுக்கு முன் எழுந்த உடம்பு, இரண்டு பேராவது தூங்கிவிடுவார்கள். அதனால் வட்டத்தில் ஒரு சட்டம் தானாக உண்டாகியிருந்தது. தூங்கினவரை எழுப்பக்கூடாது. அடுத்த வாரம் விட்டுப்போன பக்கங்களைப் பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் பூட்டண்ணனுக்காகவே செய்தது போல இருந்தது. புத்தகம் தனக்கு இரண்டு ஆள் முன்னால் வரும்போது அவர் கண் மூடும். தலை சாயும். தேவைப்பட்டால் ஒரு சின்னக் குறட்டை. புத்தகம் அவரைத் தாண்டிப் போய்விடும். அடுத்த வாரம், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்த பக்கங்களை மறுபடி சொல்லக் கேட்டு, "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டுவார்.

அன்றைக்கு நாவல் திறக்கப்படவில்லை. வேன்காரன் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"கம்பெனியிலருந்து வந்திருக்கு. ஆஸ்பத்திரியில இதைக் காட்டினா இனிமே பார்க்க மாட்டோம்கிறாங்க. நான் நாலு தடவை படிச்சேன். பாதி புரியல, பாதி புரிஞ்சு வயிறு எரியுது. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிம்மா."

மடிப்புக்காரி பத்தாவது வரை படித்தவள். கதை படிக்கும் குரலிலேயே ஆரம்பித்தாள். மேற்படி தொழிலாளி தன் வேலையை விரைவாக முடிக்கும் பொருட்டு, எவருடைய அனுமதியுமின்றி, சம்பவ தினத்தன்று காலை தடுப்புக் கம்பியைத் தானே அகற்றியதால் விபத்து ஏற்பட்டது. மருத்துவத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. அவர் பணியில் தொடர இயலாது.

"அவளா கழட்டினா?" என்றான் வேன்காரன். "கம்பி இல்லாம ரெண்டு மாசமாச்சு. வீட்டுல ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவே என்னைக் கூப்பிடுவா."

"இதை நேர்ல பார்த்த சாட்சியின் கையொப்பம்னு போட்டிருக்கு..." என்று மடிப்புக்காரி காகிதத்தின் அடியைப் பார்த்தாள். படிப்பது நின்றுவிட்டது. வருகைப் பதிவு அவள் மடிக்குப் பக்கத்தில் விரித்தபடி கிடந்தது. அதிலும் அதே நத்தை, இரண்டு கோடு. புதன்கிழமைக்குப் புதன்கிழமை, வரிசையாக.

"யாருது?" என்றான் வேன்காரன்.

அவள் வருகைப் பதிவை மூடி வைத்தாள். பூட்டண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு அவருக்குத் தெரிந்தது.

அவர் கண் தானாக மூடிக்கொண்டது. பழக்கம். தலையும் சாய்ந்தது. தூங்கினவரை எழுப்பக்கூடாது. இந்த அறையில் யாரும் எழுப்பவும் மாட்டார்கள். அறுபத்தொரு வயது. வீட்டில் முட்டி வீங்கி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. வேறெந்தச் சலவைக்கூடம் இந்த வயதில் சேர்த்துக்கொள்ளும்?

விபத்து நடந்த மறுநாள் முதலாளி டிரம் பக்கம் வந்து நின்றது மூடின கண்ணுக்குள் தெரிந்தது. "இதுல ஒரு கையெழுத்துப் போடு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அப்பத்தான் அவளுக்கு வைத்தியம் பார்ப்பாங்க." கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று சொன்னார் பூட்டண்ணன். கண்ணாடி அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. "பரவால்ல, நான்தான் சொல்றேனே" என்றார் முதலாளி. சோற்றுப் பையைப் பூட்டி வைக்கிற மனுஷன், யாரையும் நம்பாத மனுஷன், படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஈரக் கையோடு போட்டுக்கொடுத்தார்.

கண்ணைத் திறந்தார்.

"என்னுது" என்றார். "எனக்குப் படிக்க வராது. வைத்தியத்துக்குன்னான். போட்டேன்."

வேன்காரன் எழுந்தான். அந்தக் குட்டி நாற்காலி அவனோடு சேர்ந்து எழுந்து, பிறகு கீழே விழுந்தது. அடிப்பான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பூட்டண்ணனும் நினைத்தார். பட்டால் பட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

"இரு. இன்னும் இருக்கு" என்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பையைத் திறந்தார். தூக்குவாளிக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேஜையில் அவிழ்த்தார். நான்கு போல்ட்டுகள்.

"அந்தக் கம்பியோடது. ரெண்டு மாசத்துக்கு முன்னால முதலாளி வந்து, அடிக்கடி மெஷின் நின்னு போகுது, கம்பியைக் கழட்டிப் போடுய்யான்னான். நான்தான் ஸ்பேனர் புடிச்சேன். போல்ட்டைக் குப்பையில போடுன்னான். போடல. நாளைக்கு நீதான் தொலைச்சேன்னு என் தலையில கட்டுவானேன்னு பூட்டி வச்சேன்."

போல்ட்டுகள் உருண்டு ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலு என்றன.

"தங்கக்காசு" என்றாள் மடிப்புக்காரி மெதுவாக.

வேன்காரன் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான். அவருக்கு எதிரில் இல்லை, பக்கத்தில். மன்னித்தான் என்று சொல்ல முடியாது.

நூலகத்து அம்மா புத்தக அலமாரிக்குப் பக்கத்திலிருந்து பேசினாள். நாள் முழுக்க நின்று களைத்த குரல். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க மனு எழுதிக் கொடுக்க ஒரு வக்கீலம்மா வருவாங்க. நடந்ததை அப்படியே சொல்லுங்க. கட்டணம் இல்லை."

"அதுக்குமா?" என்றார் பூட்டண்ணன். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பதா என்று பேச்சு வந்தது. நாளைக்குக் காலையிலும் அந்த வாய் திறந்துதானே இருக்கும் என்றாள் சின்னக்கா இடத்தில் நிற்கும் புதியவள். அவள் அதுவரை வட்டத்தில் ஒரு வார்த்தை பேசினதில்லை. அதோடு முடிவாகிவிட்டது.

வீட்டில் மனைவி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, காத்திருந்தாள். புதன்கிழமை என்றால் அவளுக்குக் கதை வர வேண்டும். ரயில்வே கேட் காவல்காரன் ஒருவன், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், கேட்டை விட்டு நகர முடியாமல் போகிற வருகிற ரயில் டிரைவரிடமெல்லாம் அவளைப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். போன மாதத்திலிருந்து அவளுக்கு அதே கவலை.

"வந்தாளா?"

"இன்னிக்குக் கதை படிக்கல." நடந்ததைச் சொன்னார். முழுவதும்.

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "வேலை போயிடுமா?"

"போகலாம்."

"போகட்டும்னு சொல்ற மாதிரி நம்மகிட்ட எதுவும் இல்ல."

"இல்ல."

வெகுநேரம் தேய்த்தாள். பிறகு, "அந்த போல்ட்டு எங்க?"

"பையில."

"நல்லாப் பூட்டிட்டுப் படு" என்றாள்.

மறுநாள் காலை டிரம் ஓடியது. துவைத்தார்கள், பிழிந்தார்கள். விரிப்புகளை ரோலர் முன்னால் மலையாகக் குவித்தார்கள். அத்துடன் நின்றார்கள். ரோலரின் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. கட்டுப் போட்ட கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு சின்னக்காவும் வந்திருந்தாள். வேண்டாம் என்று வேன்காரன் சொல்லியும் கேட்கவில்லையாம்.

முதலாளி ஏழு மணிக்கு வந்தார்.

"என்ன வேடிக்கை? ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும்."

"கம்பியை மாட்டணுங்க" என்றாள் மடிப்புக்காரி. "அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கணும். அக்காவுக்கு வைத்தியம், வேலை ரெண்டும் வேணும்."

"கழட்டினது அவ. சாட்சி இருக்கு."

"சாட்சி இங்கதான் இருக்கேன்" என்றார் பூட்டண்ணன். போல்ட்டுகளை முதலாளி முன்னால் மடிப்பு மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தார். நான்கு முறை டொக் என்றது.

முதலாளி அவற்றை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "யோவ், யோசிச்சுப் பேசு. கழட்டினது உன் கை. நீதான் மாட்டிக்குவே."

"ஆமாங்க. என் கைதான். சொன்னது உங்க வாய்."

"நேத்து சாயங்காலம்வரைக்கும் நல்லாத்தானே இருந்தே. அந்த லைப்ரரியில இதைத்தான் படிக்கச் சொல்லித் தராங்களா?"

"இல்லீங்க, அங்க கதைதான் படிப்போம்" என்றான் வேன்காரன். "நேத்து மட்டும் நீங்க எழுதினதைப் படிச்சோம். அதுவும் கதைதான்."

"பத்து நிமிஷம் தரேன். இல்லேன்னா வேற ஆளைக் கூட்டிட்டு வரேன். ஊர்ல ஆளா இல்ல?" முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் போன் பேசுவது தெரிந்தது.

வேறு ஆள் கிடைப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். பயம் இல்லை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. போல்ட்டுகளைத் திரும்ப எடுத்து முடிந்தார்கள்.

"அதை அண்ணன் பையிலயே போடுங்க. அதைவிடப் பேங்க் கிடையாது" என்றாள் மடிப்புக்காரி.

ஈரமில்லாத இடமாகப் பார்த்து, துணிமூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். சலவைக்கூடத்தில் அப்படி உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கமே இல்லை. ரோலர் ஓடாதபோது, வெயில் ஏறும் கூரைத் தகரம் டிக் டிக் என்று சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சின்னக்கா கையை மடியில் ஏந்தி வைத்துக்கொண்டாள். வலி முகத்தில் ஓடியது. அதை மறக்கவோ என்னவோ, "போன வாரம் வட்டத்துல நான் வராதப்போ படிச்ச பக்கமெல்லாம் யாரு சொல்லப் போறீங்க?" என்றாள்.

பக்கத்தில் இருந்தது பூட்டண்ணன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். கேட் காவல்காரன் சரக்கு ரயில் டிரைவரிடம் கேட்டது, அவன் பொய் சொன்னது, மழை பெய்தது, விளக்குக் கண்ணாடி விரிசல் விட்டது. ஒரு பக்கம் விடவில்லை. தான் குறட்டை விட்ட பக்கங்களையும் சேர்த்து.

மடிப்புக்காரி வாயைப் பிளந்தாள். "அண்ணே, அப்ப நீங்க தூங்கிட்டு இருந்தீங்களே!"

"தூங்கினா காதுமா மூடிக்கும்? குறுக்கே பேசாத."

உள்ளே போன் வைக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. முதலாளி வாசலில் நின்றார். முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் பாதி எழுந்தார்கள். சின்னக்கா எழவில்லை. அவர்களும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

பூட்டண்ணன் தலையைத் திருப்பாமல், ரேகை அழிந்த கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு நிமிஷம் இருங்க. இந்தப் பக்கத்தை முடிச்சுக்கறேன்."