வலது கீழ் மூலை

கணினித் திரையின் வலது கீழ் மூலையில் திடீரென்று முளைக்கும் அந்தச் சின்னப் பெட்டியை பிளஸ்ஸிக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. கேட்காமலே வரும். 'டிங்' என்று ஒலி எழுப்பும். நாலைந்து விநாடி நின்றுவிட்டு, பார்த்தாயா இல்லையா என்ற கவலையே இல்லாமல் மறைந்துவிடும்.

ராஜபாளையம் முடங்கியார் சாலையில் அவள் ஃப்ளெக்ஸ் வடிவமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். கடையில் இரண்டு திரைகள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று மேசையின் மறுபக்கம், வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அவள் திரையில் தெரிவதெல்லாம் அதிலும் அப்படியே தெரியும். காதுகுத்து, சடங்கு என்று வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே எழுத்தைப் பெரிதாக்கச் சொல்வார்கள், மாலையை மாற்றச் சொல்வார்கள். தாய்மாமன் படம் பெரும்பாலும் வலது கீழ் மூலையில்தான் வரும். சீர் கொண்டு வருகிறவர் தனியாகத் தெரிய வேண்டும் அல்லவா?

பெட்டி முளைப்பதும் அதே மூலையில்தான்.

அதில் வருவது அவள் கணவன் ஜெர்வினின் தோப்புச் செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பை அவன் இந்தப் பருவத்துக்குக் குத்தகைக்கு எடுத்திருந்தான். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்த்துத் தொங்கின. பழ வாசனைக்கு யானை இறங்கும் என்பதால், பொழுது சாய்ந்ததும் மரத்தில் கட்டிய பரணில் ஏறிக்கொள்வான். டவருக்கும் பரணுக்கும் நடுவில் மேடு மறைப்பதால் பரணில் செல்போன் எடுக்காது. மோட்டார் அறைப் பக்கம் வந்தால்தான் எடுக்கும். நன்றாக இருட்டியதும் இறங்கி அங்கே வந்து பிளஸ்ஸியைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, மறுபடி போய் ஏறிக்கொள்வது அவன் வழக்கம்.

அதனால் மோட்டார் அறையைப் பார்த்து ஒரு கேமராவும் வேலியோரம் ஒரு கேமராவும் வைத்து, இரண்டையும் அவள் கணினியோடு இணைத்திருந்தார்கள். மோட்டார் அறைச் சுவரில், பரணிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு விளக்கு. கடையில் இருந்தபடியே பிளஸ்ஸி அதைப் போடலாம். அவர்களுக்குள் பேச்சு இதுதான்: விளக்கு எரிந்தால் யானை உள்ளே இருக்கிறது, பரணைவிட்டு இறங்கக் கூடாது. ராத்திரி முழுக்க எரியவிட்டால் என்ன என்று அவள் கேட்டதற்கு, "எப்பவும் எரிஞ்சா வெறும் வெளிச்சம்ட்டி. எப்பவாவது எரிஞ்சாத்தான் எனக்குச் சேதி" என்றான் ஜெர்வின்.

இந்தக் கேமரா எப்படிப் பார்க்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு யானையும் தெரியாது, அணிலும் தெரியாது. இந்த நொடியின் படத்தை முந்தைய நொடியின் படத்தோடு கட்டம் கட்டமாக ஒப்பிடும். போதுமான கட்டங்களில் வெளிச்சமும் நிழலும் மாறியிருந்தால் செய்தி அனுப்பும். அவ்வளவுதான். கண்ணாடிக்கு முன்னால் ஓடும் அணில், தூரத்தில் நடக்கும் யானை அளவுக்குக் கட்டங்களை மாற்றிவிடும். அதனால் பகல் முழுக்க அணில்தான் வந்துகொண்டிருந்தது.

போன மாதம் கருத்தையா என்பவர், அக்கா மகளின் சடங்குக்கு ஃப்ளெக்ஸ் சொல்ல வந்திருந்தார். கட்டம் போட்ட சட்டையில், மீசையை முறுக்கிய அவருடைய படம் மூலையில் வந்து உட்கார்ந்ததும், 'டிங்'. அணில் ஒன்று சரியாக அவர் முகத்தின்மேல் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்ன தாயி, ஏம் மூஞ்சியில அணில ஏத்துற?"

"இல்ல அண்ணாச்சி, அது தோப்புக் கேமரா. இப்பப் போயிரும்."

போயிற்று. அடுத்தது வந்தது.

"பாரு, மறுபடியும் ஏறுதே. நான் என்ன கொய்யா மரமா?"

அன்று சாயங்காலமே பிளஸ்ஸி அமைப்புகளைத் திறந்தாள். கணினியிலேயே 'தொந்தரவு செய்யாதே' என்று ஒரு வசதி உண்டு. அது பெட்டிகளை வெளியே விடாமல், கீழே உள்ள மணிச் சின்னத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் சேர்த்து வைக்கும். அதில் ஒரு விதி: ஒரே காட்சி இரண்டு திரைகளில் ஓடும்போதெல்லாம் தானாகவே அமலுக்கு வந்துவிடும். இதற்காகவே செய்துவைத்தது போலிருந்தது. அந்த விதியை இயக்கினாள். கேமராவிலும் மாறும் பரப்பின் அளவைக் கூட்டி, சின்ன அசைவுகளைத் தள்ளிவிடச் சொன்னாள். பொழுது சாயும் முன்னால் வாடிக்கையாளர் திரையை அணைத்துவிடுவாள். விதி தளர்ந்து, பெட்டிகள் பழையபடி வரும். கச்சிதமான ஏற்பாடு.

இன்று கருத்தையா மறுபடி வந்திருந்தார், தங்கச்சி மகனின் காதுகுத்துக்காக. இந்த முறையும் வலது கீழ் மூலையில் அவர் படம்தான்.

"பாட்டனார் வரிசையில சுந்தரபாண்டியத்து ஆள்க ரெண்டு பேர விட்டுட்டேன், தாயி. சேத்துரு. இல்லன்னா பந்தியில உக்கார மாட்டாங்க."

சேர்த்தாள். மூன்றாவது ஒருவர் நினைவுக்கு வந்தார். பிறகு பையனின் கிரீடம் கோணலாக இருந்தது. அதை நிமிர்த்திக்கொண்டிருந்தபோதுதான் வெளியே தெருவிளக்கு எரிவது கண்ணில் பட்டது.

பிளஸ்ஸி நிமிர்ந்தாள். வாடிக்கையாளர் திரையை அவள் இன்னும் அணைக்கவில்லை. அவள் கை தானாகத் திரையின் மூலைக்குப் போனது. மணிச் சின்னத்தின் பக்கத்தில் '1' என்று இருந்தது.

அழுத்தினாள். வேலிக் கேமராவின் படம் திறந்தது. பொழுது சாய்கிற வெளிச்சத்தில், கம்பியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வரும் ஒரு நெற்றி. ஒரு தந்தம்.

நேரத்தைப் பார்த்தாள். சுந்தரபாண்டியத்து ஆட்களைச் சேர்ப்பதற்கும் முன்னால்.

"என்ன தாயி?" என்றார் கருத்தையா. பிறகு அவர் திரையிலும் அது தெரிந்தது. "யாத்தே."

மோட்டார் அறைக் கேமராவை நேரலையில் திறந்தாள். கறுப்பு வெள்ளையில் மோட்டார் அறை, சுவர், சுவரையொட்டி மாமரத்தின் இருட்டு. ஒன்றும் அசையவில்லை. யானை எங்கே? வெளியே போயிருந்தால் வேலிக் கேமரா சொல்லியிருக்கும். அப்படியானால் உள்ளேதான் இருக்கிறது.

"போயிருச்சோ?" என்றார் கருத்தையா.

"போகல அண்ணாச்சி."

உற்றுப் பார்த்தபோது மாமரத்தின் இருட்டில் ஒரு பகுதி மெல்ல விரிந்து மடங்கியது. காது. மரத்தின் அடிமரம் என்று அவள் நினைத்தது கால். அது மோட்டார் அறைச் சுவரை ஒட்டியே நின்று தின்றுகொண்டிருந்தது. மர இருட்டுக்குள்ளேயே மெல்ல வந்திருக்கும்; வெட்டவெளியில் நடந்தால்தானே மாற்றம்? நிற்கிற யானை கேமராவுக்குச் சுவர் மாதிரிதான். காது ஆடுவது இலை ஆடுவது போலத்தான். அந்த அளவு அசைவைத் தள்ளிவிடச் சொல்லியிருந்ததும் அவள்தான்.

நன்றாக இருட்டிவிட்டது. ஜெர்வின் இறங்குகிற நேரம். இறங்கினால் நேராக அந்தச் சுவருக்குத்தான் வருவான்.

செல்போனை எடுத்து அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். அது நல்லது. இன்னும் பரணில் இருக்கிறான் என்று அர்த்தம். அல்லது நடந்து வந்துகொண்டிருக்கிறான்.

"லைட்டப் போடு தாயி!"

விளக்கின் பொத்தானில் அவள் விரல் நின்றது. விளக்கு யானையின் தலைக்கு நேர் மேலே இருந்தது. திடுக்கிட்டு ஓடினால் எந்தப் பக்கம் ஓடும்? பரண் பக்கமாக ஓடினால்? போடாவிட்டால் அவன் வந்து மோதிக்கொள்வான். இரண்டில் ஒன்றை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போட்டாள்.

திரை முழுவதும் வெளுத்தது. படம் திரும்பத் தெளிந்தபோது யானை முகத்தை விளக்கின் பக்கம் உயர்த்தியிருந்தது. ஒரு காலைப் பின்னால் வைத்தது. பிறகு படத்தைவிட்டு இடப்பக்கமாக வெளியேறியது. பரண் எந்தப் பக்கம் என்பது அவளுக்குத் தெரியும். அதுவும் இடப்பக்கம்தான்.

"ஃபாரஸ்ட்காரவியளுக்குப் போன் போட்டிருக்கேன். வாராகளாம்" என்று கருத்தையா சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது.

அவள் 'தொந்தரவு செய்யாதே'யை அணைத்தாள். அசைவின் அளவைக் கடைசிவரை குறைத்தாள். உடனே 'டிங்'. விளக்கைச் சுற்றும் பூச்சி. 'டிங்'. ஆடும் கிளை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். பூச்சி. இலை. பூச்சி. உதடு மட்டும் "ஏசப்பா, ஏசப்பா" என்று அசைந்தது. வெளியே மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

'டிங்'. வேலிக் கேமரா. சாய்ந்த கம்பிகளுக்கு அப்பால், ஒரு பெரிய பின்புறமும் குஞ்சம் வைத்த வாலும்.

"போயிருச்சு! தோப்பவிட்டுப் போயிருச்சு தாயி!"

பிளஸ்ஸி விளக்கை அணைக்கவில்லை. இன்னொன்று உள்ளே இருந்தால்? யானை இடப்பக்கம் போனபோது ஜெர்வின் எங்கே இருந்தான்? கேமரா சொன்னது யானை போனதை மட்டும்தான். ஜெர்வின் இருப்பதை அது சொல்லவில்லை.

பூச்சி. பூச்சி. கிளை. பிறகு ஒரு பெட்டி முழுக்க வெள்ளை வெளிச்சம். ஜீப்பின் முன்விளக்கு. அடுத்த பெட்டியில் காக்கி உடுப்பில் இருவர். அதற்கடுத்ததில், அவர்களுக்குப் பின்னால் பனியனோடு ஒரு மங்கலான உருவம். ஒரு கை தலைக்கு மேலே கேமராவைப் பார்த்துத் தூக்கியிருந்தது.

செல்போன் அடித்தது.

"ஏட்டி, யானை போயி எம்புட்டு நேரமாச்சு, லைட்ட அணைக்க மறந்துட்டியா? குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஆனா சரியான நேரத்துல போட்டட்டி. ஒரு கால ஏணியில வச்சிட்டேன். ரெண்டாவது கால வைக்கும்போது எரியுது. செத்த நேரம் பிந்தியிருந்தா..." என்று தொடங்கியவன், "என்னட்டி, அழுறியா?" என்றான்.

"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் சாப்பிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கேமராப் படங்களை மூடினாள். பின்னால் இருந்த ஃப்ளெக்ஸ் தெரிந்ததும் மறுபடி 'டிங்'. ஒரு விட்டில்பூச்சி, இரண்டு சிறகையும் விரித்து, கருத்தையாவின் மீசைமேல் உட்கார்ந்தது. பிளஸ்ஸி பதறி மவுஸைப் பிடித்தாள்.

"விடு தாயி" என்றார் கருத்தையா. "அது பாட்டுக்கு ஏறட்டும். ஃப்ளெக்ஸ நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

எழுந்து போகும்போது, அவரே கையை நீட்டித் தன் பக்கத்துத் திரையை அணைத்துவிட்டுப் போனார்.