முற்றுகைக்கு நாற்பது நிமிடம்

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், பாடக் குறிப்பேட்டில் எழுதியது மட்டுமே நடக்கும். அதனால் பயிற்சி ஆசிரியர்களான நாங்கள் பிள்ளைகளின் பதில்களையும் முன்கூட்டியே எழுதிவிடுவோம். என்னுடையதில் ‘மாணவர் செயல்பாடு’ என்ற பத்தியில் பதினான்கு இடத்தில் “சரி சார்” இருந்தது. பதினான்கு முறையும் சொன்னார்கள். எனக்கு நல்ல மதிப்பெண்.

என்னோடு பயிற்சிக்கு வந்த பியூலாவுக்குக் கோட்டை முற்றுகைப் பாடம். முற்றுகை பதினோரு மாதம். பாடவேளை நாற்பது நிமிடம். ராஜாவும் தளபதியும் காலையிலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். இருவருக்கும் புத்தகத்தில் பக்க எண் இருந்தது. பின்னால் ஒரு பெண் நின்றாள். அவளுக்கு இல்லை.

“பாடத்துல வராதவங்க மணி அடிச்சதும் இல்லாமப் போயிருவாங்க,” என்றார் வழிகாட்டி ஆசிரியர் திரவியம்.

“அவங்களும் கோட்டைக்குள்ளதான சார் இருந்தாங்க?”

“பக்க எண் சொல்லும்மா.”

பியூலா பாடக் குறிப்பை ஐந்து முறை எழுதினாள். ஐந்து முறையும் அந்தப் பெண்ணைப் பற்றிய வரி மட்டும் மை காய்வதற்குள் அழிந்தது. வராந்தா நீண்டுகொண்டே போனது. அந்தப் பெண் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தாள். நானாக இருந்தால் கைகழுவியிருப்பேன்.

ஆறாம் முறை பியூலா மாணவர் பத்தியை வெறுமையாக விட்டாள். அப்படி விட்டால் பிள்ளைகள் தாங்களாகப் பேசலாம். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பார்கள் என்று உத்தரவாதமில்லை. என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு!

“என்ன வேணா கேப்பாங்கம்மா,” என்றார் திரவியம் சார்.

“கேக்கட்டும் சார்.”

அவர் குறிப்பேட்டில் மதிப்பெண் பூஜ்ஜியம் போட்டுக் கையெழுத்திட்டார்.

பாடம் தொடங்கியது. ராஜா தன் வாளையே கற்பித்தல் துணைக்கருவியாகக் கொடுத்தார். மாதங்கள் மளமளவென்று போயின. பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. முப்பத்தெட்டாவது நிமிடம் மூன்றாம் பெஞ்சிலிருந்து ரிஸ்வானா எழுந்தாள்.

“டீச்சர், அத்தன மாசமும் யாரு சோறு பொங்குனா?”

பியூலா ராஜாவைப் பார்த்தாள். ராஜா தளபதியைப் பார்த்தார். தளபதி புத்தகத்தைப் புரட்டினார்.

“நாந்தான்.”

வராந்தா ஒரே அடியாகச் சுருங்கியது. அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

“உங்க பேரு என்னம்மா?” என்றாள் பியூலா.

“மாடத்தி.”

பியூலா கரும்பலகையில் எழுதினாள். அழியவில்லை. பியூலாவைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

மணி அடித்தது. ராஜாவும் தளபதியும் தங்கள் பக்கங்களுக்குத் திரும்பினார்கள். மாடத்தி நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்தாள்.

“வேற யாருக்கு என்ன கேக்கணும்?”

வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. கடைசி பெஞ்சிலிருந்து நானும் தூக்கினேன்.