இரண்டு புள்ளி நான்கு

1

இந்தக் கதை என் மடிக்கணினியின் கோளாறில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். எல்லாம் முடிந்தது என்று கணினி சொன்னது. ஆனால் நான் எழுதுவதற்கு வைத்திருக்கும் மென்பொருளைத் திறந்தால் பழைய பதிப்பின் எண்தான் வந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதே எண். எதிர்வீட்டுப் பெண் ஜாவாவிலிருந்து வந்தவள், கணினி வேலை தெரிந்தவள் என்பதால் அவளைக் கூப்பிட்டேன்.

வந்தாள், உட்கார்ந்தாள், இரண்டு வரி தட்டினாள்.

"ஒரே பேர்ல ரெண்டு இருக்கு. பழசு முன்னாடி நிக்குது, அதான்."

"அப்போ பழசை அழிச்சுடேன்."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நீங்களே அழிங்க. ஆனா அதுக்கு முன்னாடி, அதை யாரு வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்கன்னு ஒரு தடவை பாருங்க."

வைத்தது நான்தான், ஏதோ ஒரு நாள், எதற்கோ. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. கொடுத்த தேநீர் ஆறி ஆடை படிந்தது. பழைய வேலையில் நடந்ததைச் சொன்னாள். எழுதட்டுமா என்று நான் கேட்டபோது, "எழுதுங்க. என்னை நல்லவளா மட்டும் எழுதிடாதீங்க" என்றாள்.

அவள் பெயர் என்டாங் இல்லை. இங்கே என்டாங் என்றே இருக்கட்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: கடல் அன்று காலையில் ஒன்றும் தெரியாததுபோல் —

விட்டுவிட்டேன். கடலில் தொடங்கினால் பழி முழுவதும் கடல்மேல் போய்விடும்.

இரண்டாவது: செத்துப்போன குனாடியின் கை அந்த இயந்திரத்துக்குள் இன்னும் —

இதுவும் வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அலங்காரம் இல்லை, ஆனால் நடந்தது இதுதான்:

என்டாங் திரையைப் பார்த்தாள். 2.4 என்று இருந்தது. 3.1 என்று இருந்திருக்க வேண்டும்.

ஜாவாவின் வடகரையில் ஒரு நகரம். அங்கே வெள்ளநீரை வெளியேற்றும் அலுவலகம் ஒன்று. கால்வாய்ப் பாலத்தின் அடியில் ஒரு கருவி நீர்மட்டத்தை அளந்து அனுப்பும். அலுவலகத்துக் கணினியில் ஓடும் மென்பொருள் அதைப் படித்து, ஆபத்துக் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் கரையோரக் குடியிருப்பில் சைரனை அலறவைக்கும். அந்தக் கணினியைத்தான் என்டாங் புதுப்பித்திருந்தாள். எது எது நிறுவப்பட்டிருக்கிறது என்று கேட்டால், 3.1 என்றது. மென்பொருளையே கூப்பிட்டு உன் பதிப்பு என்ன என்று கேட்டால், 2.4 என்றது. ஒரு வீட்டில் கணவனைக் கேட்டால் ஒரு வயது, மனைவியைக் கேட்டால் ஒரு வயது என்பது மாதிரி.

மறுநாள் மாநிலத் தலைநகரிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. புதுப்பித்தாயிற்று என்று மேலிடத்துக்கு ஏற்கெனவே அறிக்கை போயிருந்தது.

அறைக்கு வந்த மேலதிகாரி பாக் ஹர்ஜோனோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

[பாக் என்பதை அப்படியே விட்டுவிட்டேன். 'ஐயா' என்று எழுதிப் பார்த்தேன், கூழைக்கும்பிடு தெரிகிறது. 'அப்பா' என்றால் குடும்பக் கதை ஆகிவிடுகிறது. பாக் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அவள் ஜாவா மொழியில் சொன்ன 'ம்பாக்' எனக்கு அக்காதான், அதில் தொல்லையில்லை.]

"என்ன என்டாங், இன்னும் பழசையே காட்டுது?"

"தெரியலை பாக். புதுசு உள்ள இருக்கு. வெளிய வரமாட்டேங்குது."

"உன் புருஷன் மாதிரியா?"

அவள் கணவன் வீட்டைவிட்டு நகராதவன் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த கேலி. அவளும் சிரித்தாள். பாக் ஹர்ஜோனோ ஒரு பொட்டலம் பொரித்த லும்பியாச் சுருளை மேசையில் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் பாரு. நாளைக்கு அவங்க வர்றப்போ அந்த எண் சரியா இருக்கணும், அவ்வளவுதான்" என்று போனார்.

3

அவள் முறையாகவே தேடினாள். கணினியை அணைத்துப் போட்டாள், மாறவில்லை. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினாள், மாறவில்லை. கடைசியில், இந்தப் பெயரில் எத்தனை இருக்கின்றன என்று கேட்டாள். இரண்டு என்று வந்தது.

லினக்ஸ் ஒரு பெயரைக் கூப்பிடும்போது குறிப்பிட்ட வரிசையில் அறை அறையாகத் தேடிப் போகும். முதலில் யார் 'இதோ' என்கிறார்களோ அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும்; அடுத்த அறையை எட்டிக்கூடப் பார்க்காது. புதுப்பிப்பு வந்து 3.1-ஐ வைத்த அறை பின்னால் இருந்தது. முன்னறையில், ஆட்கள் கைப்பட வைக்கும் இடத்தில், 2.4 உட்கார்ந்திருந்தது. வைத்தவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது: குனாடி.

குனாடி அவளுக்கு அடுத்த மேசை. கரையோரக் குடியிருப்பில் வீடு. முந்திய ஆண்டு, பம்பு நிலையத்துக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனான்.

பாக் ஹர்ஜோனோவை அழைத்துக் காட்டினாள்.

"குனாடி எதுக்கோ தனியா ஒண்ணு வெச்சிருக்கார் பாக். காரணம் இல்லாம செய்யற ஆள் இல்லை. ரெண்டு நாள் குடுங்க, உள்ள என்ன மாத்தியிருக்கார்னு பாத்துடறேன்."

"ரெண்டு நாளா? நாளைக்குக் காலைல வந்து உக்காந்துடுவாங்க."

"அவங்ககிட்ட சொல்லலாமே."

"என்னன்னு? எங்க ஆபீஸ்ல செத்தவர் ஒருத்தர் இன்னும் வேலை பாக்கறார்னா?"

[இந்த இடத்தில் அவள் ஒரு கணம் தயங்கினாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். "தயங்கலை. எனக்கும் முடிச்சுட்டு வீட்டுக்குப் போகணும்போல இருந்துச்சு" என்று அவள் சொன்னாள்.]

பழசை அழிக்கவில்லை, வேறொரு கோப்புறைக்குத் தூக்கிப் போட்டாள். அது தொழில் பழக்கம். மறுபடி கேட்டாள். 3.1 என்றது. திரையும் பட்டியலும் ஒன்றையே சொன்னதைப் பார்த்தபோது, சிக்கெடுத்த தலைமுடிபோல் மனம் இலகுவாக இருந்ததாம்.

ஆய்வுக் குழு வந்தது, பார்த்தது, சாப்பிட்டது, பாராட்டிவிட்டுப் போனது.

4

எனக்கு இப்போது பாக் ஹர்ஜோனோவோடுதான் சங்கடம். அவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் கதை சுலபமாக நடக்கும். ஒரு வரைவில் அவருக்குத் தங்க மோதிரமும் தொப்பையும் கொடுத்திருந்தேன். என்டாங்கிடம் படித்துக் காட்டினேன்.

"அவர் ஒல்லி" என்றாள். "தண்ணி வந்த அன்னிக்கு ரெண்டு பொம்பளைங்களை முதுகுல சுமந்துட்டு வந்தார். இன்னிக்கும் இடுப்பு வலிக்குதுன்னு சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடக்கறார்."

மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். அதன்பிறகு கோபப்பட ஆள் கிடைக்கவில்லை.

5

மழையில்லை. காற்றில்லை. இந்தக் கரையில் கடல் நல்ல வெயிலிலேயே வரும். நிலவின் கணக்குக்கு உயர்ந்து, கால்வாய் வழியாகப் பின்னோக்கி ஏறி, பிற்பகலில் சந்துக்குள் நுழையும். எல்லோருக்கும் பழக்கம். அரிசியை உயரத்தில் வைப்பார்கள், மோட்டார் சைக்கிளை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

குனாடியின் மனைவி லஸ்மி மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தாள். வீட்டில் குனாடியின் அப்பா கஸ்மன், பக்கவாதத்தில் படுக்கையாக இருந்தார். காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துத் துடைத்துவிட்டுப் போவாள். சைரன் கேட்டால் மட்டும் பாதியில் வீட்டுக்கு ஓடலாம் என்பது ஆலையின் விதி. தண்ணீர் ஏறுகிறது என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், "சைரன் அடிச்சுதா?" என்பார் மேற்பார்வையாளர்.

ஆய்வுக் குழு வந்துபோனபின் ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரி இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டாள். லஸ்மி இரண்டு முறையும் போய்க் கேட்டாள்.

"சைரன் அடிக்கட்டும்மா. தண்ணி தெனமும்தான் வருது."

சைரன் அடித்தபோது சந்தில் இடுப்பளவு தண்ணீர். அவள் ஓடிவந்து சேர்வதற்குள் கால்வாய்க் கரை ஓரிடத்தில் சரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் இரண்டு குழந்தைகளோடு கூரைமேல் இருந்தாள். கஸ்மனின் கட்டில் தாழ்வான கட்டில். அவரால் கூப்பிட முடிந்திருக்காது. பக்கவாதம் குரலையும் கொண்டுபோயிருந்தது.

[இங்கே நிறுத்துகிறேன். அந்த அறைக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்திருந்தது. நன்றாக வந்ததுதான் என்னைக் கூசவைத்தது. அந்தப் பக்கம் இங்கே இல்லை.]

6

கஸ்மனின் அடக்கம் முடிந்தபிறகு என்டாங் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து, தூக்கிப் போட்ட 2.4-ஐ எடுத்தாள். அன்றைய நீர்மட்ட அளவுகளை அதற்குக் கொடுத்தாள். அதன் கணக்கில் சைரன் முக்கால் மணி நேரம் முந்தியே அடித்தது.

காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. பாலம் ஆழத்தில் இறக்கிய தூண்களின்மேல் நிற்கிறது, அது இறங்குவதில்லை. குடியிருப்பு சேற்றுமேல் நிற்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அமிழ்கிறது. பாலத்தில் அளந்தால் கடல் ஆபத்துக் கோட்டுக்கு ஒரு முழம் கீழே இருக்கும். வீட்டு வாசலில் அது ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். குனாடி இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறான். கோட்டை மாற்றக் குழு கூட வேண்டும் என்றார்கள். அவன் தன் கையாலேயே மென்பொருளைத் திறந்து, கோட்டை ஒரு முழம் இறக்கி, முன்னறையில் வைத்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

இயந்திரம் தவறாகக் காட்டுகிறது என்றுதான் அவள் அன்று முழுவதும் நம்பியிருந்தாள். அது ஓடிக்கொண்டிருந்ததைத்தான் காட்டியிருந்தது.

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பாக் ஹர்ஜோனோ இரண்டு நாள் அவகாசம் கொடுக்கிறார். அவள் அந்த ஒரு முழத்தைக் கண்டுபிடிக்கிறாள். இன்னொன்றில் மேற்பார்வையாளருக்கு இரக்கம் வந்து, "போம்மா" என்கிறார். அந்த வரைவில் லஸ்மி கஸ்மனை முதுகில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்கிறாள், கஸ்மனின் கை அவள் கழுத்தைச் சுற்றி —

இல்லை.

என்டாங் 2.4-ஐ மறுபடி முன்னறையில் வைத்தாள். பாக் ஹர்ஜோனோ பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை. பிறகு குழு கூடியது, கோடு இறக்கப்பட்டது. நிலம் இறங்கியதால் நேர்ந்த இழப்பு என்று அறிக்கை சொன்னது. அதில் பொய் எதுவுமில்லை. அவள் வேலையை விட்டாள்.

7

நாற்பதாம் நாள் தொழுகைக்கு லஸ்மி அவளை அழைத்திருந்தாள். தண்ணீர் வடிந்த சுவரில் மார்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. பெண்கள் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். லஸ்மி என்டாங்கைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

"அக்கா, நீங்க அவரோட வேலை பாத்தவங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அவர் இருந்தப்போ சொல்லுவார். 'நான் செத்தாலும் அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, நம்ம சைரன் மத்தவங்களுக்கு முன்னாடி கத்தும்'னு. நான் கேலி பண்ணுவேன், அதென்ன உங்க சொத்தான்னு. அவர் போனதுக்கப்புறமும் அப்படித்தான் கத்திச்சு. ஒரு வருஷம். தண்ணி வாசலுக்கு வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன்." ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு மட்டும் ஏன் முன்னாடி கத்தலை?"

என்டாங் என்னிடம் சொன்னது இதுவரைக்கும்தான். அதற்கு என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்டேன். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்கதானே எழுதறீங்க, நீங்களே எழுதுங்க" என்றாள்.

எழுதிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லவைத்தேன்: லஸ்மிக்குக் கணவனும் மாமனாரும் இன்னொரு முறை செத்தார்கள். "தெரியலைம்மா" என்று சொல்லவைத்தேன்: லஸ்மி தலையாட்டி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், அது முன்னதைவிட மோசமாக இருந்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

பின்கட்டில் இருவரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். கேள்வி கேட்டாகிவிட்டது. உள்ளே யாரோ லஸ்மியைக் கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பவில்லை, என்டாங்கின் முகத்தையே பார்க்கிறாள். என்டாங்காக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதை நீங்கள் —