இரண்டு பத்து

ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் அந்தக் கம்பெனிக்குப் பதினைந்து வயதானபோது கேன்டீன் வாசலில் ஒரு சிற்பம் வைத்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளைந்தெழும் எஃகுக் கம்பிகள். அவற்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடித் துண்டுகள். சிற்பி சிவசங்கர் முன்பே எல்லோரிடமும் ஒரு சீட்டைக் கொடுத்து, "இங்க வந்ததுலேர்ந்து உங்களால மறக்க முடியாத நேரம் எது? மணி மட்டும் எழுதுங்க, காரணம் வேணாம்" என்று கேட்டிருந்தார். அந்த மணிகளைத்தான் கண்ணாடிகளில் செதுக்கியிருந்தார்.

ரோஸி எழுதிக் கொடுத்தது 2.10.

கம்பெனியின் குடும்ப விழா அன்று கணவன் அமலனையும் மகள் ஷீபாவையும் சேரப்பணஞ்சேரியிலிருந்து கூட்டி வந்தாள். அமலனும் ஒரு காலத்தில் இங்கே வேலை பார்த்தவன்தான். ஷீபா கைக்குழந்தையாக இருந்தபோது ரோஸிக்குக் காலை ஷிஃப்ட், அவனுக்கு மதிய ஷிஃப்ட். ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். இடையில் இருந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு முனியம்மாள். இரண்டு மணிக்கு அவள் வெளியே வருவாள். இரண்டேகாலுக்குள் அவன் ஷெட்டுக்குள் இருக்க வேண்டும். கேட் அருகே வேப்பமரத்தடியில் ஏழெட்டு நிமிடம் நின்று பேசுவார்கள். காய்ச்சல் விட்டதா, பால் குடித்தாளா, சோறு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது.

ஷீபா தோழிகளோடு ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். ரோஸி தேடிப்பிடித்துத் தன் கண்ணாடியைக் காட்டினாள்.

"ரெண்டு பத்தா? இன்னா ரோஸி, தப்பா எழுதிக் குடுத்துட்ட. ரெண்டு பத்துக்கு நான் கேட்ல பன்ச் பண்ணி உள்ள போயிருப்பேனே. நாம பேசிக்கினு இருந்தது ரெண்டு அஞ்சுக்கு."

"பேசுனத எழுதலங்க."

"பின்ன?"

"ரெண்டு பத்துக்குத்தான் நான் போற கம்பெனி பஸ்ஸ எடுப்பான். ஜன்னல்லேர்ந்து பார்த்தா நீங்க நடந்து போறது தெரியும். அந்த நீலச் சட்டை முதுகு. ஷெட்டுக்குள்ள போற வரைக்கும் பார்த்துகினே இருப்பேன்."

அமலன் மறுபடியும் அந்த எண்ணைப் பார்த்தான்.

"ஒரு நாள்கூடச் சொல்லல நீ."

"எங்க சொல்றது? வூட்டுக்கு வந்தா நீங்க தூக்கம், நான் சமையல்."

"சொல்லியிருந்தா திரும்பிப் பார்த்திருப்பேன்ல."

"பார்த்திருந்தா லேட் மார்க் போட்டுருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். இப்போது தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள். ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு. அந்த ஏழெட்டு நிமிடத்தில் பேசிய அளவுக்கு இப்போது ஒரு வாரத்திலும் பேசுவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அமலன் கை நீட்டி, செதுக்கியிருந்த எண்களை விரலால் தடவினான்.

"சார், தொடாதீங்க!" என்று செக்யூரிட்டி குரல் கொடுத்தான்.

அமலன் கையை எடுக்கவில்லை. "என் வூட்டுக்காரி எழுதுனதுப்பா" என்றான்.