அக்காவின் இமைகளும் மூன்று முடிவுகளும்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை; அக்காவிடமிருந்து சுட்டது. அவள் கார் ஓட்டக் கற்றுத்தருபவள்; ஐம்பத்திரண்டு வயது. நாலைந்து மாதத்துக்கு முன் அவளிடம் பயின்ற வங்கி ஊழியர் ஒருவர் திடீரென்று வண்டியை ஓரங்கட்டி, தூங்கிவிட்டீர்களா மேடம் என்று பதறிக் கேட்டாராம். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மேலிமைகள் தொங்கிப்போனதில் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரிகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: கண்ணாடி முன் நின்ற அவள் கண்களில் நீர் தளும்பி

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நான் எப்படா அழுதேன்?"

கதைக்குக் கொஞ்சம் கனம் வேண்டும் என்றேன்.

"கனம் என் இமையிலயே இருக்கு. அது போதும்."

வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். (தளும்பி நல்ல சொல். வேறெங்காவது உதவும்.)

3

கண் மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். அவர் இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். மேலேயும் பக்கவாட்டிலும் எதுவரை தெரிகிறது என்று அளந்தார். இமை பார்வையை மறைக்கவில்லை, எனவே அதைத் தூக்கிச் சரிசெய்வது தோற்றத்துக்கான அறுவை சிகிச்சை மட்டுமே என்றார். தழும்பு இமை மடிப்பில் மறைந்துவிடும். வீக்கம் வடிய இரண்டு வாரமாவது ஆகும். கண் உலர்ந்துபோகலாம்; இரண்டு கண்ணும் ஒன்றுபோல் அமையாமலும் போகலாம். எதையும் அவர் ஒளிக்கவில்லை. கடைசியாகக் கேட்டார்:

"இது உங்களுக்கே வேணுமா, இல்ல வேற யாராவது சொன்னாங்களா?"

வாயாடி அக்கா, யோசித்துச் சொல்கிறேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

4

அத்தானுக்கு, நீ எப்போதும் அழகுதான் என்று ஒரு வசனம் எழுதிக் கொடுத்திருந்தேன். உண்மையில் அவர் வெங்காயம் உரித்தபடி, உன் இமைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். இருபத்தெட்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் மனிதர் கவனிக்கவே இல்லை. அக்காவின் கோபம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த பேங்க்காரர் கேட்டதுக்காக இல்லடா. போட்டோவுல நான் சந்தோஷமா இருக்கும்போதுகூட சோகமா தெரியுறேன். என் மூஞ்சி என்னைப் பத்தித் தப்பா சொல்லுது. அதுதான் பிடிக்கல. டாக்டருக்கு இதுதான் என் பதில்."

"அப்போ செஞ்சுக்கப் போறியா?"

"பதில் கிடைச்சிருச்சு. இன்னும் பயம் போகல. கண்ணுக்குப் பக்கத்துல கத்தியாச்சே."

(இந்த இடத்தில் அவள் தைரியசாலி என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை, பயந்தவளாகவே அவளை எனக்கு இன்னும் பிடித்தது.)

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் செய்துகொள்கிறாள். ஒன்றில் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறாள். மூன்றாவதில் அத்தான் திடீரென்று கவிஞராகி, இல்லை, அதை மறந்துவிடுங்கள்.

அவள் ஒரு தேதி வாங்கியதும், அந்தத் தேதி கடந்து ஒன்றரை மாதம் ஆனதும் உண்மை. நடந்தது எனக்குத் தெரியும். நேற்று படித்துவிட்டு மூன்றையும் அடித்துவிட்டாள்.

"முடிவை எழுதினா, அப்புறம் எவனும் என்கிட்ட பேச மாட்டான். கண்ணையே அளந்துக்கிட்டு நிப்பான்."

இன்று காலை பாடத்துக்குக் கிளம்பும்போது காரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு விசிலடித்தபடி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடியில் என்ன தெரிந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள், அடித்துவிடுவாள்.